ஆஷாடத்தில் திறந்த அச்சகம்

என் அச்சகம் இரண்டரை வருஷம் நடந்தது. கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கென்றே வாங்கிப் போட்ட மிஷின். அந்த இரண்டரை வருஷத்தில் அதில் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அடிக்கவில்லை. சொந்தத் தொழில் தொடங்கி முன்னுக்கு வந்தவர்கள் எழுதுவதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. உழைத்தேன், நேர்மையாக இருந்தேன், மேலே வந்தேன் என்கிறார்கள். நானும் உழைத்தேன், நேர்மையாகவும் இருந்தேன். என் கதையை வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு ஹனூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்போது எங்கள் கொள்ளேகால் தாலுகா மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. மைசூர் வேறு ராஜ்யம். பதினாறு வயதில் நான் மைசூருக்கு வந்து, தேவராஜ மொஹல்லாவில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். ஈய எழுத்துகளை மரப்பெட்டியின் சின்னச் சின்ன அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாக அடுக்கி வரியாக்குவதுதான் வேலை. தமிழும் கன்னடமும் எனக்கு ஒரே வேகத்தில் கை ஓடும். பள்ளிப் பாடநூல், ஆபீஸ் பாரம், வருஷத்துக்கு ஒரு முறை ஒரு கன்னடப் பஞ்சாங்கம் என்று எட்டு வருஷம் எழுத்துக் கோத்தேன்.

சுதந்திரம் வந்த புதிது. மைசூரில் யாரைப் பார்த்தாலும் எதையாவது தொடங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீட்டுக் கொல்லையில் சோப்புக் காய்ச்சினார். ஒருவர் எழுதுகிற மையைப் பாட்டிலில் அடைத்துச் சைக்கிளில் விற்றார். இனி எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்கூடப் பேசினார்கள். அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது.

யோசிக்காமல் இறங்கினேன் என்று யாரும் சொல்ல முடியாது. அக்ரஹாரத்துத் தெருக்களில் வருஷத்துக்கு எத்தனையோ கல்யாணம் நடக்கும். சத்திரம் பக்கத்தில், புரோகிதர்கள் பக்கத்தில், பூக்கடை பக்கத்தில். பத்திரிகை அடிக்க மட்டும் அவர்கள் மார்க்கெட் பக்கம் போய், பாடநூல் வேலை முடியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அக்ரஹாரத்திலேயே கல்யாணப் பத்திரிகைக்கென்று ஒரு அச்சகம் போட்டால் எப்படி ஓடாமல் போகும்? இன்றைக்கும் அந்தக் கணக்கில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

ஒரு மிஷன் பள்ளியில் ஓரமாகக் கிடந்த பழைய மிதி மிஷின் விலைக்கு வந்தது. காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும், கையால் ஒவ்வொரு தாளாக வைத்து எடுக்க வேண்டும். அதை வாங்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு வழி. அப்பா இறக்கும்போது இரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டைத் தங்கையின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார். ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைதான் பேசினாள்.

"வித்துக் குடுத்துருங்கம்மா. அண்ணன் சம்பாரிச்சு நமக்குச் செய்யாமப் போயிருமா?"

"உனக்குன்னு வெச்ச காடு, அம்மிணி" என்றேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதுமுங்கண்ணா. என் கல்யாணப் பத்திரிகைய உங்க மிஷின்லயே அடிச்சுக் குடுங்க. தங்க எழுத்துல."

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. நான் சத்தியம் செய்து கொடுத்தேன். மைசூருக்குத் திரும்பியதும் நான் வாங்கிய முதல் சாமான் ஒரு டின் தங்கப் பொடி. பிசுக்குள்ள மையில் அடித்து, ஈரம் காய்வதற்குள் இந்தப் பொடியைத் தூவித் துடைத்தால் எழுத்து தங்கமாக நிற்கும். அவள் கல்யாணத்துக்கு முன் இந்த டின்னைத் திறப்பதில்லை என்று ஒரு வைராக்கியம்கூட வைத்துக்கொண்டேன். அடுத்தவர் பத்திரிகைக்கு வேறு டின் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

அக்ரஹாரத்தில் தெருவைப் பார்த்த ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. கன்னட எழுத்து இரண்டு பெட்டி, தமிழ் எழுத்து ஒரு பெட்டி, பிள்ளையார் பிளாக், வாழைமர பிளாக், மணமக்கள் பேருக்குப் பெரிய எழுத்து, எல்லாம் வந்து இறங்கின. நாள் பார்க்க ஊருக்கே எழுதினேன். எங்கள் ஊரில் பஞ்சாங்கம் பார்க்கிறவர், "ஆடி பொறக்கறதுக்குள்ள தெறந்துருங்க, ஆடியில எதையும் தொடங்கப்படாது" என்று சொல்லி ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். நானும் ஓடியாடி அந்த நாளுக்குள் எல்லாவற்றையும் முடித்தேன். தெருவில் வீடு வீடாகப் போய் அழைத்தேன். எல்லோரும் சிரித்த முகமாகத் தலையாட்டினார்கள்.

அன்று பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி, தட்டு நிறைய வெல்லமும் பொரிகடலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் தங்கையும் வந்திருந்தார்கள். தெருவில் ஒருவரும் உள்ளே வரவில்லை. வீட்டு வாசல்களில் நின்று பார்த்தார்கள். நடந்து போனவர்கள் எதிர்ப் பக்கமாகப் போனார்கள். பத்து மணிக்குமேல் எதிர்வீட்டுக்காரர் மட்டும் வந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து பென்ஷன் வாங்குகிற கன்னடக்காரர், நல்ல மனுஷர். தட்டைத் தொடவில்லை. தணிந்த குரலில் கேட்டார்.

"ஆஷாடதல்லி யாராதரு அங்கடி தெகீதாரா ஸ்வாமி?"

ஆஷாடத்தில் யாராவது கடை திறப்பார்களா என்று கேட்கிறார். இன்னும் ஆடி பிறக்கவில்லையே, பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறதே என்று நான் கன்னடத்தில் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உங்கள் மாதம் சூரியனை வைத்து, எங்கள் மாதம் சந்திரனை வைத்து. போன அமாவாசை கழிந்ததுமே எங்களுக்கு ஆஷாடம் பிறந்துவிட்டது, இந்த மாதத்தில் நாங்கள் புது வேட்டிகூட வாங்க மாட்டோம் என்றார்.

அவர் போனதும் அலமாரியிலிருந்து கன்னடப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. அமாவாசைக்கு மறுநாள் ஆஷாடம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கோத்தவனே நான்தான். எட்டு வருஷம் எட்டுப் பஞ்சாங்கம், ஒவ்வொரு எழுத்தும் என் விரல் பட்டது. ஆனால் கம்பாசிட்டர் எழுத்தைத்தான் பார்ப்பான், சேதியைப் படித்தால் வேலை ஓடாது. ஆஷாடம் என்றால் நம் ஆடிதானே என்று எட்டு வருஷமும் நினைத்துக்கொண்டே கோத்திருக்கிறேன். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஆக, அவர்களுக்கு ஆஷாடம் முடிகிறவரை அவர்கள் வரவில்லை. அது முடிவதற்குள் எங்களுக்கு ஆடி பிறந்துவிட்டதால் தெருவிலிருந்த நாலு தமிழ்க் குடும்பமும் வரவில்லை. இரண்டு பஞ்சாங்கத்தின் கெட்ட மாதத்தையும் ஒரே கடைக்கு வாங்கிக் கொண்ட ஆள் மைசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் சாவுக்கு மாதம் கிடையாது. ஆஷாடத்தின் மூன்றாவது வாரம் ஒருவர் வந்தார். நாலைந்து நாள் தாடி, தோளில் ஈரத் துண்டு. அப்பா போய்விட்டார், பதின்மூன்றாம் நாள் வைகுண்ட சமாராதனைக்குப் பத்திரிகை வேண்டும், மார்க்கெட் பக்கம் பத்து நாள் ஆகும் என்கிறார்கள், உங்களால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். சாயங்காலத்துக்குள் அடித்துக் கொடுத்தேன். சுற்றிலும் கறுப்புக் கட்டம், நடுவில் அளவான எழுத்து, ஒரு பிழை இல்லை. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "உபகாரவாயித்து", பெரிய உதவி என்றார். முதல் வேலை முடிந்த சந்தோஷத்தில் நான் அன்றைக்கு ஓட்டலில் இரண்டு மசால் தோசை சாப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சாப்பிட்டேன்.

பிறகு இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. அந்த மழைக்காலத்தில் அக்ரஹாரத்தில் வயசானவர்கள் வரிசையாகப் போனார்கள். சீக்கிரம் அடித்துக் கொடுப்பான், பிழை இருக்காது என்று பேர் வந்துவிட்டது. தொழில் என்றால் பேர்தானே முதல், கல்யாண மாதம் வந்தால் இதே பேர் அவர்களையும் கொண்டுவரும் என்று நம்பினேன். ஆஷாடம் முடிந்து கல்யாண மாதமான சிராவணம் பிறந்தது. பெண்ணைப் பெற்றவர் ஒருவர் கையில் மஞ்சள் தடவிய தாளோடு என் படிவரைக்கும் வந்தார். உள்ளே கொடியில் கறுப்புக் கட்டப் பத்திரிகைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு காலைப் படியில் வைத்தவர், அப்படியே எடுத்துக்கொண்டார். மன்னிக்க வேண்டும், வேறு இடம் தேடி வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்கப்புறம் நான் செய்யாதது இல்லை. கறுப்புத் தாள்களைப் பின்கட்டில் காயப் போட்டேன். கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வாசலில் மாட்டினேன். புரோகிதரை அழைத்து ஹோமம் செய்தேன். அவர் தட்சணை வாங்கிக்கொண்டு, தன் மகள் பத்திரிகையை வேறு இடத்தில் அடித்துக்கொண்டார். இரண்டு மாதம் சாவு வேலையே எடுப்பதில்லை என்று முடிவு செய்து உட்கார்ந்தும் பார்த்தேன். அந்த இரண்டு மாதமும் மிஷினில் தூசிதான் விழுந்தது. கடைசியில் ஒருவர், தாயைப் பறிகொடுத்தவர், வாசலில் நின்று அழ ஆரம்பித்தார். அவரை எப்படிப் போகச் சொல்வது? எழுந்து போய் மை தடவினேன்.

எதிர்வீட்டு வாத்தியாருக்கு மட்டும் என்மேல் இரக்கம் இருந்தது. அடிக்கடி வந்து ஸ்டூலில் உட்காருவார், பிழை திருத்திக் கொடுப்பார். இரண்டாம் வருஷம் அவர் பேத்திக்குக் கல்யாணம் கூடியது. இதுதான் என் முதல் கல்யாணப் பத்திரிகை என்று நான் தீர்மானமாக இருந்தேன். ஒரு நாள் காலையில் அவர் குங்குமச் சிமிழோடு என் வாசலுக்கு வந்து, அச்சடித்த பத்திரிகையை என் கையில் கொடுத்துக் கல்யாணத்துக்கு அழைத்தார்.

"வீட்டுப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லையப்பா" என்றார் கன்னடத்தில்.

"நீங்கள் படித்தவர். நீங்களுமா இதை நம்புகிறீர்கள்?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆஷாடமாம், அபசகுனமாம், ஈயத்துக்கும் இரும்புக்கும் ஏது சகுனம் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த வாரமே மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஒரு தாள். தன்னுடைய சமாராதனைப் பத்திரிகையைத் தானே எழுதிக் கொண்டுவந்திருந்தார், தேதிக்கு மட்டும் இடம் விட்டு.

"என் பிள்ளைகள் எழுதினால் ஒற்று விட்டுப்போகும். நீ கோத்து வை, நான் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்."

அவர் விளையாடவில்லை. என்னிடம் அவர் காட்டக்கூடிய மரியாதை அதுதான் என்று எனக்குப் புரிந்தது. கோத்துக் காட்டினேன். ஒரு இடத்தில் மட்டும் கமா போடச் சொன்னார்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் தங்கைக்கு இடம் அமைந்தது. கொள்ளேகாலில் ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பம். பேசி முடித்து, கார்த்திகையில் முகூர்த்தம் வைத்தார்கள். அம்மாவும் தங்கையும் பத்திரிகை வாசகத்தைத் தாளில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பஸ் ஏறி மைசூருக்கே கொண்டுவந்தார்கள். தங்கை அதை என் மிஷின் மேலேயே வைத்தாள்.

"சொன்ன வாக்கு ஞாபகம் இருக்குதுங்களாண்ணா?"

"தங்க எழுத்துல" என்றேன்.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். மூலையில் கறுப்புக் கட்ட பிளாக் கிடந்தது. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். "உம் மனசுக்குச் சரின்னு படறதச் செய் கண்ணு" என்று மட்டும் சொன்னாள். அன்று மத்தியானமே இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். மிஷினை மண்ணெண்ணெய் போட்டு மூன்று முறை துடைத்தேன். ரோலரைக் கழுவினேன். தமிழ் எழுத்துப் பெட்டியைத் திறந்தேன். சாவுப் பத்திரிகை எல்லாம் கன்னடத்தில்தான் அடித்திருந்தேன் என்பதால் தமிழ் எழுத்து அநேகமாகப் புதிதாகவே இருந்தது. அதில் எனக்கு ஒரு ஆறுதல். அவள் பேரைப் பெரிய எழுத்தில் கோத்தேன். மாப்பிள்ளை பேரைக் கோத்தேன். அப்பா பேருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று கோக்க வேண்டி வந்தது. அந்த ஒரு சொல்லைக் கோக்கும்போது கை தடுமாறவே இல்லை, கன்னடத்தில் அது நன்றாகப் பழகியிருந்தது. கட்டி முடுக்கி மிஷினில் ஏற்றினேன். இரண்டரை வருஷமாகத் திறக்காத தங்கப் பொடி டின்னை ஆணியால் நெம்பித் திறந்தேன். தாளை வைத்துவிட்டு மிதிப்பலகையில் காலை வைத்தேன்.

கால் அழுந்தவில்லை. சும்மா இதெல்லாம், ஈயமும் இரும்பும்தானே என்று வாத்தியாரிடம் பேசிய அத்தனையையும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்த மிஷினில் எத்தனை செத்தவர்களின் பேர் ஏறி இறங்கியிருக்கிறது என்று மனசு எண்ண ஆரம்பித்தது. இப்போது அங்கே அவள் பேர் இருந்தது. அவளுக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தால்கூட நான் இந்த மிஷினைத்தான் நினைப்பேன் என்று தெரிந்தது. பயந்துவிட்டேன். ஊரார் பயந்ததைப் போல இல்லை, அவர்களைவிட அதிகமாகப் பயந்துவிட்டேன். கட்டியதை அவிழ்த்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக அறைகளில் திருப்பிப் போட்டேன்.

மஞ்சள் தடவிய தாளையும் தங்கப் பொடி டின்னையும் எடுத்துக்கொண்டு தேவராஜ மொஹல்லாவுக்கு நடந்தேன். பழைய முதலாளி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர், கல்யாணத்தை மதுவே என்றுதான் சொல்வார். தாளை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனப்பா, தங்கச்சி மதுவேன்னு போட்டிருக்கு. உன்கிட்டயே மிஷின் இருக்கல்ல?"

"ரோலர் உருகிப்போச்சுங்க" என்றேன்.

வெல்லப்பாகும் வஜ்ஜிரப் பசையும் காய்ச்சி ஊற்றுகிற ரோலர் கோடை வெயிலில் உருகும். அன்று ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் குடையில்லாமல் நனைந்து போயிருந்தேன். அவர் வெளியே மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, வெச்சுட்டுப் போ" என்றார்.

பொடி மட்டும் என்னுடையதைப் போடச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தார்கள். பழக்க தோஷத்தில் அடியில் அவர்கள் அச்சகத்தின் பேரையும் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள். போட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பஸ்ஸில் வழி நெடுக, அவள் கேட்டால் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன். அவள் கோபப்படுவாள், காட்டை விற்றுக் கொடுத்தவள், கோபப்பட உரிமை உள்ளவள். அழுதாலும் அழுவாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால், திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த உலகத்தில் ஒருத்தியாவது என் மிஷினில் அடித்த கல்யாணப் பத்திரிகைக்காக ஏங்கினாள் என்று ஆகிவிடும் அல்லவா?

அவள் ஒரு பத்திரிகையை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். தங்க எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண் கீழே இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"உங்க மிஷின்ல அடிக்கலீங்களாண்ணா?"

"இல்ல அம்மிணி."

அவள் பெருமூச்சு விட்டாள். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியது எனக்குத் தெரிந்தது.

"நானே சொல்லோணும்னு இருந்தனுங்க. அன்னிக்கு மைசூருக்கு வந்தப்பவே சொல்ல வந்தேன். வாய் வரல" என்றாள். "நீங்களா செஞ்சுட்டீங்க. எனக்கு இப்பத்தான் நிம்மதியா இருக்குதுங்கண்ணா."

சிரித்தாள். அப்பா போனதற்கப்புறம் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அதை முழுக்கக் குடித்தேன். மறுநாள் மைசூருக்குத் திரும்பி வந்து, அச்சகத்துக் கதவைத் திறக்காமல் நேராகப் பழைய முதலாளியிடம் போய் வேலை கேட்டேன்.